வகுத்துப் பாராமலே அறியும் பகா எண்

கன்னியாகுமரிக் கடற்பாறையில் நிற்கும் வள்ளுவர் சிலை, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடமும் மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்களைக் குறிக்கும் 95 அடி உருவமுமாக, 133 அடி உயரம் கொண்டது. 38, 95, 133 ஆகிய மூன்றுமே 19-ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 133 மட்டி வாழைக்கன்றுகளை வரிசைக்குப் பத்தொன்பதாக ஏழு வரிசைகளில் நட்டுவிடலாம். அவற்றில் ஆறு பட்டுப்போனால் எஞ்சும் 127 கன்றுகளோ ஒரே நீள வரிசையைத் தவிர வேறெந்தச் சம வரிசைகளிலும் அடங்கா. ஏனெனில் 127 ஒரு பகா எண்.

127-ஐச் சோதிக்க 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தாலே போதும். 13-இன் வர்க்கம் 169 ஆகிவிடுவதால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. ஆனால், 2024 அக்டோபரில் அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியதாக அறிவிக்கப்பட்ட பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தன்று தொடங்கி நொடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகலாக வாசித்தாலும், அடுத்த ஆண்டுத் தேரோட்டமும் கடந்து மேலும் மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும். இத்தகைய எண்ணை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது நடவாத காரியம்.

வழி அந்த எண்ணின் வடிவத்திலேயே இருக்கிறது. 127 என்பது 2-இன் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. புதிய எண் 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இவை மெர்சென் எண்கள். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது: 11-ஆம் அடுக்கு தரும் 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கிக் கிடைப்பது.

எட்வார்ட் லூக்காஸ் உருவாக்கி, பிறகு டெரிக் ஹென்றி லேமர் செம்மைப்படுத்திய சோதனை 4-இல் தொடங்குகிறது. எண்ணை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதையே திரும்பச் செய்ய வேண்டும். முடிவில் பூச்சியம் வந்தால் அது பகா எண், வராவிட்டால் பகு எண். (2+√3, 2−√3 ஆகியவற்றின் கூட்டல் 4, பெருக்கல் 1; எனவே கூட்டலை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் அவ்விரண்டின் வர்க்கங்களுடைய கூட்டலான 14 கிடைக்கிறது. சோதனையின் வேர் இங்கேதான்.)

127-க்கு 4, 14, 67, 42, 111, 0 என்று வருகிறது. இதிலும் வகுத்தல் தேவையில்லை என்பதே எனக்குப் பிடித்த நுட்பம். 128 என்பது 127-ஐவிட ஒன்றே கூடுதல் என்பதால் ஒவ்வொரு 128-ஐயும் 1 என்றே கொள்ளலாம். 67-இன் வர்க்கத்தில் 2-ஐக் கழித்தால் 4487. அதில் முப்பத்தைந்து 128-கள் போக மீதி 7. 35-உம் 7-உம் சேர்ந்து 42. ஈரடிமான எண்முறையில் கணக்கிடும் கணினிக்கு, இது எண்ணை ஓரிடத்தில் வெட்டி இரு துண்டுகளையும் கூட்டுவது மட்டுமே. புதிய எண்ணுக்கு இதை 13,62,79,839 தடவை செய்ய வேண்டியிருந்தது.

பூச்சியம் வராவிட்டாலும் காரணிகள் எவை என்பதை இச்சோதனை சொல்லாது. 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண் பகு எண்ணே என்று லூக்காஸ் 1876-இல் காட்டினார். அதன் காரணிகளான 193707721, 761838257287 ஆகியவற்றை ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் வெளியிட்டார்.