தனிப்பாதை போட்டாலும் பஸ் ஏன் ஜோடியாக வருகிறது?

புறநகர் நெடுஞ்சாலையின் நடுவே பஸ்ஸுக்கென்று ஒரு தடம் ஒதுக்கினால் போதாதா, நிலையம், கதவு என்று ஏன் செலவை இழுக்கிறார்கள் என ஒரு வாசகர் கேட்டிருந்தார். போதாது. தனிப்பாதை பஸ்ஸை நெரிசலிலிருந்து காப்பாற்றும், பயணிகளிடமிருந்து காப்பாற்றாது.

வெகுநேரம் காத்திருந்த பிறகு இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வருமே, 'இன்று யார் முகத்தில் விழித்தேனோ' என்போமே, அதில் எந்த முகத்துக்கும் பங்கில்லை. நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ். நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு 6 பேர் வருகிறார்கள், ஏற ஆளுக்கு 3 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நேரத்துக்கு வந்த பஸ் 30 பேரை ஏற்ற 90 விநாடி நிற்கும். ஒரு பஸ் ஒரே ஒரு நிமிடம் தாமதமாகட்டும். இப்போது 36 பேர், 108 விநாடி. தாமதம் 60-லிருந்து 78 விநாடியாகிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம், இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ நேர் எதிர்: முன்னது கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டதால் 24 பேர்தான். அது சீக்கிரம் கிளம்பும், நெருங்கும், நெருங்க நெருங்க ஆள் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நான்காவது நிறுத்தத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாலையில் வேறு ஒரு வண்டிகூட இல்லாமலே! முன்னது பிதுங்கும், பின்னது காற்று வாங்கும். எனக்கு இந்தக் கணக்கு சலித்ததே இல்லை.

இதற்கு மருந்து அந்த 3 விநாடியில் இருக்கிறது. பிரேசிலின் குரிச்சிபாவில் 1974-இல் பஸ்ஸுக்குத் தனித்தடம் வந்தது. கண்ணாடிக் குழாய் போன்ற நிலையங்கள் வந்தது 1991-இல். டிக்கெட் நிலைய வாசலிலேயே முடிந்துவிடும். மேடையும் பஸ்ஸின் தரையும் ஒரே உயரம். பஸ் நின்றதும் கதவோடு ஒரு பலகை மேடைமேல் விழும்; எல்லாக் கதவிலும் ஒரே நேரத்தில் ஏறலாம், படியே கிடையாது. ஆளுக்கு அரை விநாடி என்று ஆகிவிட்டால், அதே ஒரு நிமிடத் தாமதம் அந்த நிறுத்தத்தில் 3 விநாடிதான் கூடும். திறப்பு விழாவில் சாலையைத்தான் காட்ட முடியும், கதவைக் காட்ட முடியாது. அதனால்தான் கதவுக்குப் பணம் கேட்டால் முகம் சுளிக்கிறார்களோ என்னவோ.

நெடுஞ்சாலையில் இன்னொரு சிக்கல். மேடை நடுவில் இருந்தால் கதவும் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். இஸ்தான்புல்லில் நெடுஞ்சாலையின் நடுத்தடத்தில் 2007-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோபஸ் என்ற பஸ் சேவைக்கு வழக்கமான வலப்பக்கக் கதவுதான். என்ன செய்தார்கள்? வலப்பக்கம் ஓட்டும் நாட்டில், வேலியிட்ட அந்தத் தடத்தில் மட்டும் பஸ்களை இடப்பக்கமாக ஓட விட்டார்கள். சரி, மேடைக்கு வர பயணி சாலையைக் கடக்க வேண்டுமே? மேம்பாலம் ஏறி இறங்கும் நேரமும் பயண நேரம்தான். திட்ட வரைபடத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் ஒட்டல் மிஞ்சும். அப்போது கட்டுப்பாட்டு அறை பின்னால் வரும் பஸ்ஸை நிலையத்தில் அரை நிமிடம் பிடித்து வைக்கும். எதிரே தடம் காலி, கதவு திறந்தே கிடக்கும், உள்ளே யாராவது ஒருவர், "எடுங்க சார், யாருக்காக நிக்கிறீங்க?" என்பார். அடுத்த நிறுத்தத்துக்கு இன்னும் வந்தே சேராதவர்களுக்காக.