நிற்கிற மரம் சொல்லும் சாட்சி

தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், அமேசான் காட்டுக்குள் ஓர் ஆய்வாளர் படகை விட்டு இறங்கி நடக்கிறார். கையில் ஜிபிஎஸ் கருவியும் ஒரு பட்டியலும். இந்தப் புள்ளியில் இந்த மரம் நின்றது, இத்தனை கன மீட்டர் தேறியது, வெட்டி விற்றாகிவிட்டது என்கிறது பட்டியல். சேற்றையும் கொடியையும் தாண்டி அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேர்ந்து பார்க்கிறார். அடிக்கட்டை இருந்தால் கணக்கு சரி. வெறும் புதர்தான் என்றால் அப்படியொரு மரம் அங்கே இருந்ததே இல்லை. மரம் இன்னும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாலோ, அதன் பெயரில் விற்றுப்போன பலகை வேறெங்கோ களவாக வெட்டியது.

அமெரிக்காவுக்கும் பெருவுக்கும் இடையே 2009 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தத்தில், காடுகளுக்கென்றே ஒரு பிற்சேர்க்கை உண்டு. அதன் பலம் முழுவதும் இந்த நடையில்தான் இருக்கிறது.

எல்லாம் மகோகனியில் தொடங்கியது. நம் ஊரில் விவசாயிகள் வரப்போரம் நடுகிறார்களே, அந்தப் பெரிய இலை மகோகனிதான். வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாயகம் மத்திய, தென்னமெரிக்கக் காடுகள். அங்கே அது தோப்பாக வளர்வதில்லை. பல இடங்களில் ஒரு ஹெக்டேருக்கு ஒரு மரம்கூடத் தேறாது. கன்று வளர நல்ல வெயில் வேண்டும். அடர்ந்த நிழலில் எழாது. விதை கொடுக்கிற பெரிய மரங்களைத் தேடித்தேடி வெட்டினால், அடுத்த தலைமுறைக்கு விதையே மிஞ்சாது. அதனால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை 2002-இல் இதை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு ஏற்றுமதிக்கு அனுமதிச் சான்று கட்டாயம். பெருவின் மகோகனியில் பெரும்பங்கை வாங்கியது அமெரிக்கா. வாங்குகிறவனுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்ற பேச்சு எழுந்தது அதனால்தான்.

காகிதம் இருந்தால் போதுமா? பெருவில் குத்தகைக்காரர் காட்டை அளந்து, வெட்டப்போகும் ஒவ்வொரு மரத்தின் இனம், பருமன், இருப்பிடம் எல்லாவற்றையும் எழுதித் திட்டம் கொடுக்க வேண்டும். அது ஒப்புதலானால் இத்தனை கன மீட்டர் எடுக்கலாம் என்று அனுமதி கிடைக்கும். லாரியோ படகோ, சரக்கோடு ஒரு போக்குவரத்துச் சீட்டும் போக வேண்டும். ஓட்டை முதல் படியிலேயே இருக்கிறது. இல்லாத மரத்தை இருப்பதாக எழுதினால், அதற்கும் கன மீட்டர் அனுமதி வந்துவிடும். அந்த வெற்று அனுமதியை, பழங்குடியினர் நிலத்திலோ பாதுகாக்கப்பட்ட காட்டிலோ வெட்டிய மரத்தோடு சேர்த்துவிட்டால், களவு மரத்துக்கு முறையான பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. துறைமுகத்தில் எத்தனை முறை புரட்டினாலும் அந்தக் காகிதத்தில் குறை தெரியாது.

ஆய்வகம் உதவாதா என்று கேட்கலாம். ஓரளவு உதவும். பலகையின் வெட்டுமுகத்தை லென்ஸில் பார்த்தால் நுண்துளைகளும் கதிர்க்கோடுகளும் அமைந்திருக்கும் விதம் குடும்பத்தையும் பேரினத்தையும் சொல்லிவிடும். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்து ஆஷ்லாந்தில் உள்ள வனவிலங்குத் தடயவியல் ஆய்வகத்தில், ஒரு மரச்சிராயைச் சூடான வாயுவில் காட்டி, அதிலிருந்து எழும் மூலக்கூறுகளை நிறைமானியில் எடைபோடுகிறார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் தனி வேதிச் சுவடு உண்டு. மண்ணும் மழையும் மரத்தில் விட்டுச்செல்லும் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதங்களைக் கொண்டு வளர்ந்த வட்டாரத்தை ஊகிக்கும் முறையும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அந்தந்த வட்டாரத்து மாதிரிகள் முன்பே சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் நதியின் இந்தக் கரையா அந்தக் கரையா, குத்தகை எல்லைக்கு உள்ளா வெளியா என்பதை அவற்றால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ஒரே இனம், ஒரே மண். எல்லைக்கோடு மனிதன் போட்டது.

2007 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத் தலைவர்களும் அரசும் கண்ட உடன்பாட்டுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட இந்தப் பிற்சேர்க்கை மூன்று காரியங்களைச் செய்தது. ஓசின்ஃபோர் என்ற மேற்பார்வை அமைப்பு, அனுமதி கொடுக்கும் துறையிலிருந்து பிரிந்து தனித்து இயங்க வேண்டும் என்றது. அமெரிக்கா கேட்டால் குறிப்பிட்ட ஏற்றுமதியாளரையோ சரக்கையோ பெரு தணிக்கை செய்து காட்ட வேண்டும் என்றது. தவறு தெரிந்தால் அந்தச் சரக்கையும் நிறுவனத்தையும் அமெரிக்கா தடுக்கலாம் என்றது. வழக்கமான ஒப்பந்தங்களில் காடு, நதி எல்லாம் முன்னுரையில் நல்ல வார்த்தைகளாக வந்துவிட்டுப் போகும். இங்கே அவற்றுக்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டார்கள். 2008-இல் அமெரிக்காவும், களவாக எடுத்த வனவிலங்கு, தாவர வணிகத்தைத் தடுக்கும் தன் லேசி சட்டத்தைத் திருத்தி, பிறநாட்டில் களவாக வெட்டிய மரத்தை வாங்குவதைக் குற்றமாக்கியது.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கென்று பெரு அரசு அவசரமாகப் பிறப்பித்த ஆணைகள் சில, பழங்குடியினரைக் கேட்காமலே அவர்களின் காட்டையும் நிலத்தையும் தொட்டன. 2009 ஜூன் 5 அன்று பெருவின் வடக்கில் பாகுவா அருகே, அவற்றை எதிர்த்து மறியல் செய்தவர்களைப் போலீஸ் கலைக்கப் போனபோது மூண்ட மோதலில், போலீஸாரும் பொதுமக்களுமாக 33 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் இரண்டு ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. காட்டைக் காப்பதற்கான ஒப்பந்தம், காட்டுக்குள் வாழ்கிறவர்களிடம் முதலில் பேசவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

பிற்சேர்க்கையின் உண்மையான சோதனை ஒரு கப்பலில் வந்தது. பெயர் யாக்கு கல்ப்பா; கெச்சுவா மொழியில் யாக்கு என்றால் நீர், கல்ப்பா என்றால் வலிமை. இக்விடோஸ் நகரில் பலகைகளை ஏற்றி, அமேசான் வழியே 3,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, கடலேறி மெக்சிகோவுக்கும் ஹூஸ்டனுக்கும் போய்க்கொண்டிருந்தது. மகோகனி மேல் கண்காணிப்பு இறுகியதும் கள்ள வெட்டு வேறு இனங்களுக்கு மாறியிருந்தது. இந்தக் கப்பலின் சரக்கில் குமாலா நிறைய இருந்தது, ஜாதிக்காய்க் குடும்பத்து மரம். ஓசின்ஃபோர் ஆய்வாளர்கள் சரக்கின் சீட்டுகளில் இருந்த புள்ளிகளைத் தேடிக் காட்டுக்குள் நடந்தார்கள். பல புள்ளிகளில் மரம் வெட்டிய தடமே இல்லை. 2015 செப்டம்பரில் ஹூஸ்டனில் சரக்கு தடுக்கப்பட்டது.

வேலையைச் சரியாகச் செய்ததற்குப் பலன், 2016 ஜனவரியில் ஓசின்ஃபோரின் தலைவர் ரொலாந்தோ நவாரோவின் பதவி பறிபோனது. மறுமாதம் அமெரிக்கா ஒப்பந்தத்தின் தணிக்கை உரிமையை முதன்முறையாகப் பயன்படுத்தி, 2015 ஜனவரியில் வந்த ஒரு சரக்கின் மூலத்தைச் சரிபார்க்கச் சொன்னது. அந்தச் சரக்கில் கணிசமான பகுதி பெருவின் சட்டப்படி வெட்டியதல்ல என்று தெரிய ஆகஸ்ட் ஆயிற்று. ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் மரத்துக்கு மூன்றாண்டுத் தடை வந்தது 2017 அக்டோபரில். அதற்குள் அந்தப் பலகைகள் யார் யார் வீட்டிலோ தரையாகியிருக்கும். ஆய்வாளர் நடந்து போகிற வேகமும் கப்பல் போகிற வேகமும் ஒன்றல்ல. இந்த முறையின் பெரிய பலவீனம் இதுதான் என்று நினைக்கிறேன்.

2018 டிசம்பரில் பெரு ஓர் ஆணை போட்டது: அமைச்சரவைத் தலைவரின் அலுவலகத்தின்கீழ் இருந்த ஓசின்ஃபோர் இனிச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குள் போகும். வெளியிலிருந்து பார்க்க வெறும் நிர்வாக மாற்றம். உண்மையில் தணிக்கை செய்கிறவரின் சுதந்திரத்தைத் தொடுகிற மாற்றம். 2019 ஜனவரியில் அமெரிக்கா, ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் அத்தியாயத்தின்கீழ் முதல்முறையாகப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. ஏப்ரலில் பெரு அந்த ஆணையை விலக்கிக்கொண்டது. ஓசின்ஃபோர் பழைய இடத்துக்கே திரும்பியது.