ஓட்டை விட்டுக் கட்டிய சுவர்

கவசத்தின் மேல் சிவப்பு அங்கி போர்த்திய ஒரு மனிதர், கடலைப் பார்த்தபடி நிற்கிறார். பின்னால் சில பாதிரியார்கள். எதிரே அலைகளுக்கு நடுவே கூர்முனை மரக்கம்பங்கள், தூரத்தில் கப்பல்கள். பிரெஞ்சு ஓவியர் ஆன்றி-பால் மோத் 1881இல் வரைந்த 'லா ரோஷெல் முற்றுகையில் ரிஷெலியூ' ஓவியம் இது. பார்ப்பவர் கண் நேராக அந்தச் சிவப்பில்தான் போய் நிற்கும். அந்த அங்கிக்குள் இருப்பவர்தான் ரிஷெலியூ: கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குருவான கார்டினல், பிரெஞ்சு மன்னரின் முதன்மை அமைச்சர். ஆனால் அவரை விட, அவர் காலடியில் கிடக்கும் கற்குவியல்தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது.

1627இல் பிரான்ஸின் மேற்குக் கடற்கரையில் உள்ள புராட்டஸ்டன்ட் நகரமான லா ரோஷெலை, பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயியின் படை வளைத்தது. நிலப்பக்கம் அகழி வெட்டி அடைத்தாயிற்று. ஆனால் அது துறைமுக நகரம். கடல் திறந்திருக்கும்வரை இங்கிலாந்திலிருந்து உணவும் ஆயுதமும் வரலாம். பொம்பேயோ தார்கோனே என்ற இத்தாலியப் பொறியாளரின் முதல் முயற்சிகளைக் கடல் நிற்கவிடவில்லை. பிறகு கட்டடக் கலைஞர் கிளெமான் மேத்தெஸோவும் பாரிஸ் கொத்தனார் ழான் திரியோவும் ஒரு யோசனை சொன்னார்கள்: விரிகுடாவின் குறுக்கே, இரு கரைகளிலிருந்தும் கல்லைக் கொட்டிக்கொண்டே வருவோம், நடுவில் மட்டும் ஒரு திறப்பு விடுவோம். மொத்த நீளம் சுமார் 1,400 மீட்டர்.

எதிரியை அடைக்கக் கட்டும் சுவரில் எதற்குத் திறப்பு?

அந்தக் கரையில் கடல் தினமும் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். பெரிய ஏற்ற நாட்களில் இந்த வேறுபாடு 5 மீட்டரைத் தாண்டும். முழுதாக அடைத்திருந்தால், வெளியே கடல் ஏறும்போது சுவருக்கு இருபுறமும் நீர்மட்டம் அத்தனை மீட்டர் மாறுபடும். 5 மீட்டர் வேறுபாடு என்றால், சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 5 டன் எடை தள்ளுவதற்குச் சமம். கடல் வற்றினால் உள்ளே தேங்கிய நீர் மறுபக்கமிருந்து தள்ளும். கொட்டி வைத்த கல் இந்த இழுபறிக்கு எத்தனை நாள் தாங்கும்?

திறப்பு இருந்தால் நீர் உள்ளே போய்த் திரும்பி வரும். இருபுற மட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் திறப்பைக் குறுக்கக் குறுக்க, வயல் மடையில் பார்ப்பதுபோல, நீரோட்டம் வேகமெடுத்து அடிமண்ணை அரிக்கும். அதோடு கப்பலும் நுழைந்துவிடலாம். அதனால் கல் நிரப்பிய பழைய கப்பல்களை அங்கே மூழ்கடித்தார்கள். தண்ணீர் அவற்றின் மேலும் இடுக்கிலும் ஓடிவிடும். கப்பலுக்கோ ஆழம் வேண்டுமே!

இன்னொரு சூட்சுமம், கற்களுக்கிடையே சாந்து பூசாதது. வழவழப்பான செங்குத்துச் சுவரில் மோதும் அலை, தன் ஆற்றலில் பெரும்பகுதியோடு திரும்பிப் போகும். போகிற போக்கில் சுவரின் அடியைத் தோண்டும். சரிவான கற்குவியலில் அலை ஏறும்போதே உடைகிறது. நீர் இடுக்குகளில் புகுந்து, சுழன்று, ஆற்றலை அங்கேயே தொலைக்கிறது. ஒரு கல் நகர்ந்தால் பக்கத்துக் கல் சரிந்து அந்த இடத்தில் உட்காரும். சாந்துச் சுவராக இருந்தால் விரிசல் விட்டிருக்கும். இன்றைய துறைமுக அலைதடுப்புகளில் பலவும் இதே முறையில் நிற்பவைதான்.

1628 மே மாதம் ஒரு ஆங்கிலக் கப்பற்படை வந்தது, இலையுதிர் காலத்தில் இன்னொன்று. இரண்டும் இந்தத் தடுப்பைத் தாண்டவில்லை. அக்டோபர் 28இல் நகரம் சரணடைந்தபோது, முற்றுகைக்கு முன் அங்கிருந்த சுமார் 27,000 பேரில் மிஞ்சியது 5,000 பேர் அளவுக்குத்தான். பெரும்பாலோர் பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள். மோத்தின் ஓவியம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சரணடைந்த சில நாட்களிலேயே ஒரு புயல் அந்தக் கற்சுவரின் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. மீதி அடித்தளம் இப்போதும் கடல் நன்றாக வற்றும்போது தலைகாட்டுகிறது.