ஏற்கெனவே கவுன்சிலிங் போயாச்சு என்பவர்களுக்கு

அடி, வசவு, சந்தேகம், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது என்று ஆண்டுக்கணக்கில் ஒரு உறவில் நொறுங்கிப்போன பெண்ணிடம் "ஒரு தெரபிஸ்டைப் பாருங்கள்" என்றால், பெரும்பாலும் வரும் பதில் இது: "அதெல்லாம் போயாச்சுங்க. ஸ்டேஷன்லயே மூணு தடவை கவுன்சிலிங் கொடுத்தாங்க." அந்த மூன்று தடவையும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, அவனைக் கொஞ்சம் அதட்டி, அவளைக் கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லி, எழுதி வாங்கி அனுப்பியிருப்பார்கள்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் குடும்ப நல நீதிமன்றத்திலும் கவுன்சிலிங் என்ற பெயரில் நடப்பதன் நோக்கம் பெரும்பாலும் சமரசம். காயப்பட்ட மனம் ஆறுவதற்கான சிகிச்சை வேறு படிப்பு, வேறு வேலை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால், சிகிச்சையின் வாசலையே மிதிக்காத பலர் அது பலிக்காது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்வோம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். போன்ற பட்டம் பெற்றவர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய 2 ஆண்டு எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர், அவரிடம் சி.ஆர்.ஆர். என்ற பதிவு எண் இருக்கும். கேட்டால் தயங்காமல் சொல்வார், அந்தக் கவுன்சிலின் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். உளவியல் அல்லது சமூகப்பணியில் முதுகலை முடித்து ஆலோசகராக இருப்பவர்களிலும் அருமையானவர்கள் உண்டு. ஆனால் வாரக்கடைசிச் சான்றிதழ் வகுப்பை முடித்துவிட்டு அதே பெயர்ப்பலகை மாட்டியவர்களும் உண்டு. ஆகவே என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி, உங்கள் வேலையை மேற்பார்வையிடுபவர் யார் என்று கேளுங்கள். மேற்பார்வையாளர் இருப்பது குறையல்ல, பொறுப்பின் அடையாளம்.

பட்டம் மட்டும் போதாது. குடும்ப வன்முறை பற்றிய பயிற்சி இல்லாத நல்ல தெரபிஸ்ட்கூட இந்த விஷயத்தில் தவறிழைக்கலாம். நேரம் குறிப்பதற்கு முன் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். இரண்டு கேள்விகள் போதும். "என் கணவர் உங்களுக்கு போன் செய்து, என் மனைவி உங்களிடம் வருகிறாளா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?" சரியான பதில், "நீங்கள் வருகிறீர்கள் என்பதையே உறுதிப்படுத்த மாட்டேன்." "அவரையும் அழைத்துவரச் சொல்வீர்களா?" இதற்குச் சரியான பதில், "வன்முறை இருக்கும்போது இருவரையும் சேர்த்து உட்காரவைக்க மாட்டேன்." தம்பதியர் தெரபி இருவரும் பயமின்றிப் பேச முடிந்தால்தான் வேலை செய்யும். பயம் இருக்கிற இடத்தில், அவள் அறைக்குள் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அவள் எதற்குக் கலங்குகிறாள் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

முதல் சந்திப்பில் ஒன்றைக் கவனியுங்கள். அனுபவம் உள்ளவர் கதையைத் தோண்டுவதற்கு முன் உங்கள் பாதுகாப்பைக் கேட்பார். நீங்கள் இங்கே வந்தது யாருக்குத் தெரியும், திரும்பிப் போகும் வீட்டில் இன்று ஆபத்து உண்டா, ஆயுதம் உண்டா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா, எப்போதாவது கழுத்தை நெரித்திருக்கிறாரா என்று கேட்பார். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பவர் விஷயம் தெரிந்தவர். கழுத்தை நெரித்த ஒருவர் பின்னாளில் உயிரைப் பறிக்கும் அபாயம் பல மடங்கு அதிகம். வெளியே தடமே தெரியாமல் உள்ளே காயம் இருக்கக்கூடும் என்பதால் குரல் கம்மினாலோ, விழுங்க வலித்தாலோ, தலை சுற்றினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"உடனே விட்டுட்டு வந்துடுங்க" என்று முதல் நாளே உத்தரவிடுபவரும் ஆபத்தானவர்தான். பிரியும் வேளையும் அதை ஒட்டிய மாதங்களும்தான் மிக அபாயமான காலம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் ரொக்கம் ஆகியவற்றை நம்பகமான ஒருவர் வீட்டில் வைப்பது, அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, தற்காலிகமாகத் தங்க சகி ஒருங்கிணைந்த சேவை மையம், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மனு கொடுக்கப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு திட்டம் எழுதிய பிறகே எந்த முடிவும். இருப்பதா பிரிவதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் முடிவுகளையெல்லாம் இன்னொருவர் எடுத்த வாழ்க்கையிலிருந்து வருகிறீர்கள். தெரபிஸ்டும் அதையே செய்தால் மீட்சி எப்படி வரும்?

"நீங்க என்ன சொன்னதுக்கு அவர் அடிச்சார்?", "பிள்ளைகளுக்காக யோசிங்க", "ஜாதகம் பார்த்தீங்களா?" போன்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடலாம். கணவரைப் பார்க்காமலே அவருக்கு ஒரு நோய்ப் பெயர் சூட்டுபவரிடமும் எச்சரிக்கை தேவை. கேட்கும்போது ஆறுதலாக இருக்கும், ஆனால் செஷன் முழுக்க அவரைப் பற்றியே ஓடி, உங்களைப் பற்றிப் பேச நேரமிருக்காது. தெரிந்தவர், சொந்தக்காரர், ஒரே சங்கத்துக்காரர் வேண்டாம். சிறிய ஊர் என்றால் பக்கத்து மாவட்டமோ ஆன்லைனோ மேல்.

சிகிச்சை எப்படிப் போகும்? அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வகுத்த மூன்று கட்டங்கள் இன்றும் பயன்படுகின்றன: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகளைச் சொல்லித் துக்கப்படுவது, பிறகு வாழ்க்கையோடு மறுபடி இணைவது. முதல் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பதுதான் அதிகம் காணும் தவறு. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொன்னால், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூக்கமின்றி, கை நடுங்கி, இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று தோன்றும். அது உங்கள் பலவீனம் அல்ல, வேகம் தவறு. நல்ல தெரபிஸ்ட் முதலில் திரும்பி வரும் வழியைக் கற்றுத்தருவார். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, ஜில்லென்ற டம்ளரைக் கையில் பிடித்து, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, இன்று என்ன கிழமை, நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்வது. உடம்பு பழைய இரவிலிருந்து இந்த அறைக்குத் திரும்பும். இது கைவந்த பிறகுதான் நினைவுகளைத் தொட வேண்டும்.

அதற்கு ஆய்வுகளால் உறுதியான முறைகள் உண்டு: அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), ஈ.எம்.டி.ஆர். (கண் அசைவுகளோடு நினைவுகளைக் கையாளும் முறை). சி.பி.டி.யிலேயே காக்னிடிவ் ப்ராசஸிங் தெரபி என்ற வகை வழக்கமாக 12 செஷன் கொண்டது. பல ஆண்டு வன்முறைக்கு இதைவிட நீளலாம். அதிர்ச்சியின் பாதிப்பை அளக்கும் பி.சி.எல்.-5 என்ற 20 கேள்விப் படிவத்தைத் தொடக்கத்திலும் சில வாரங்களுக்கு ஒருமுறையும் நிரப்பச் சொன்னால் முன்னேற்றம் எண்ணாகத் தெரியும். படிவம் இல்லாவிட்டாலும் ஆறு செஷன் முடிந்ததும் பாருங்கள்: தூக்கம் அரைமணி கூடியதா? கேட் திறக்கும் சத்தத்துக்கு நெஞ்சு முன்போல் அடிக்கிறதா?

தூக்கமே இல்லை, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறது என்றால் மனநல மருத்துவரும் வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய சில வாரங்கள் ஆகும். அல்ப்ரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் விழுங்குவது காயத்தை ஆற்றாது, பழக்கமாகிவிடும். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்தக்கூடாது, மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். பணம் இல்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

ஆன்லைன் செஷன் என்றால் தடயங்களை யோசியுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பாருங்கள், கூகுள் இருப்பிடப் பகிர்வை நிறுத்துவதற்கு முன் அதுவே சந்தேகத்தைக் கிளப்புமா என்று பாருங்கள். யு.பி.ஐ. வரலாற்றில் கிளினிக் பெயர் விழும், ரொக்கம் நல்லது. யாராவது அறைக்குள் வந்தால் சொல்ல ஒரு குறிச்சொல்லை முன்பே பேசிவையுங்கள். "ரெசிபி அனுப்புறேன் அக்கா" என்றால் போதும், அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

'பைத்தியம் என்று கோர்ட்டில் காட்டிப் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்' என்ற பயம் பலரைத் தடுக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததை மட்டும் வைத்து ஒருவரைப் புத்தி பேதலித்தவர் என்று கொள்ளக்கூடாது, தகுதியான நீதிமன்றம் அறிவித்தால்தான் என்கிறது. 23-வது பிரிவு ரகசியத்தைக் காக்கிறது. விதிவிலக்குகள் உண்டு: உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்யும் கடமை. இவற்றை முதல் நாளே உங்களிடம் சொல்லாதவர் கவனக்குறைவானவர். வழக்கு நடந்தால் குறிப்பேட்டில் என்ன எழுதுகிறார் என்றும் கேளுங்கள்.

அடிபடும் ஆண்களுக்கும், பாலின, பாலியல் சிறுபான்மையினருக்கும் மேலே சொன்ன கேள்விகள் அத்தனையும் பொருந்தும்.

இரண்டு மூன்று செஷனில் ஒத்துவரவில்லை என்றால் மாற்றலாம், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போகும்போது ஒரு பக்கச் சுருக்கம் எழுதித்தரச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, என்ன செய்தோம், எது உதவியது. புதியவர் அதைப் படித்துவிட்டு ஆரம்பித்தால், அந்த இரவை முதலிலிருந்து மறுபடி சொல்லவேண்டி வராது. அந்தத் தாளை வீட்டில் வைக்காதீர்கள்.