வண்டுக்கு எடுக்கும் தாகம்

"காற்றுப் புகாத பையில் தானியத்தைக் கட்டிவைத்தால் வண்டு மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சாவது உண்மை. மூச்சுமுட்டி என்பதில்தான் எனக்குத் தகராறு. அது சாவது பெரும்பாலும் தாகத்தால்.

அந்தக் கதைக்குப் போகுமுன், இது ஏன் சாப்பாட்டுத் தட்டின் பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன். சிறு விவசாயக் குடும்பம் விளைந்ததைத் தின்னவும் வேண்டும், விற்கவும் வேண்டும். வண்டு அரித்துவிடுமே என்ற பயத்தில் அறுத்த கையோடு விற்றுவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை கிடைக்காது. கையிருப்பு தீர்ந்த பிறகு அதே தானியத்தை ஏறிய விலைக்கு வாங்குகிறார்கள். பயறுக்கும் முட்டைக்கும் காய்கறிக்கும் போக வேண்டிய காசு வெறும் மாவுச்சத்துக்கே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, நல்ல மணி சந்தைக்கு, சொத்தை மணி வீட்டுக்கு என்று பிரிகிறது. சில அந்துப்பூச்சிப் புழுக்கள் மணியின் முளைப்பகுதியைத்தான் தேடித் தின்னும். எண்ணெயும் வைட்டமின் ஈ-யும் பெருமளவில் இருப்பது அங்கேதான். எடை கொஞ்சம்தான் குறைந்திருக்கும். குறைந்தது எது என்பதைத் தராசு சொல்லாது.

தானியத்தில் பூச்சி தானாகவே உண்டாகிறது என்று இன்றும் நம்புபவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற பெரிய அறிஞரே, கோதுமையோடு அழுக்குச் சட்டையைப் போட்டு மூடிவைத்தால் 21 நாளில் எலி பிறக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார்! கூன்வண்டின் வேலையும் அப்படி நம்பத் தூண்டுவதுதான். தாய் வண்டு மணியில் குழி தோண்டி, ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மணி சுத்தமாகத் தெரியும். சுமார் ஐந்து வாரம் கழித்து உள்ளிருந்து வண்டு துளைத்துக்கொண்டு வரும்போது, நம் கண்ணுக்கு அது வெறும் மணியிலிருந்து முளைத்தது போலத்தான் இருக்கும்.

இனி தாகம். நன்றாகக் காய்ந்த மணியில் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குதான். அதற்குள்ளேயே பிறந்து வளரும் புழுவுக்குக் குடிக்க ஒரு சொட்டு கிடையாது. பிறகு எப்படி உயிர் வாழ்கிறது? பள்ளியில் படித்த சுவாசச் சமன்பாட்டை நினைத்துப் பாருங்கள். மாவுச்சத்து ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்தால் ஆற்றல் வரும், கரியமில வாயு வரும், கடைசியில் நீரும் வரும். பரீட்சையில் அந்த நீரைக் கழிவு என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். புழுவுக்கு அதுதான் கிணறு. 100 கிராம் மாவுச்சத்து முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 55 கிராம் தண்ணீர் கிடைக்கும். புழு தன் குடிநீரைத் தானே சமைத்துக்கொள்கிறது.

இப்போது பையின் வாயை இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே இருக்கும் பூச்சிகளே மூச்சுவிட்டு ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். 21 சதவீதத்தில் இருந்தது சில நாட்களில் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். பூச்சி அதிகமென்றால் இன்னும் சீக்கிரம். புழு தின்பதை நிறுத்திவிடும். ஆக்ஸிஜன் இல்லாததால் மாவுச்சத்தை எரிக்க முடியாது. எரிக்காவிட்டால் தண்ணீர் இல்லை. இதில் இன்னொரு கொடுமை: காற்றுக்கு ஏங்கி அது உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் சுவாசத் துளைகளை அகலத் திறக்கும். அந்தத் துளைகள் வழியாகவே உள்ளிருக்கும் கொஞ்ச ஈரமும் ஆவியாகிவிடும். மருந்து ஏதும் தெளிக்காமலே பூச்சி வற்றிப்போகிறது. எனக்கு இதைப் படித்தபோது ஒரு நல்ல துப்பறியும் கதை முடிந்த திருப்தி.

இந்த விளக்கத்தை 2012இல் எழுதியது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூச்சியியல் ஆய்வாளர் லாரி மர்டாக்கின் குழு. பை அதற்கு வெகுகாலம் முந்தியது. 1980களின் பிற்பகுதியில் கேமரூன் நாட்டில் தட்டைப்பயறைக் காப்பாற்றப் பிறந்த யோசனை அது: உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே ஒரு சாக்கு. விளைச்சலைக் கூட்டும் ஆராய்ச்சிக்குக் கொட்டும் பணத்தில் சிறு துளியையாவது விளைந்ததைக் காப்பாற்றும் ஆராய்ச்சிக்கு ஒதுக்கினால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சாக்கைக் காட்டிப் பரிசு வாங்க முடியாது என்பதுதான் காரணமோ என்னவோ.

சாதாரணச் சாக்கில் இதே வேதிவினை நமக்கு எதிராகத் திரும்பும். காற்று தாராளமாகக் கிடைக்க, ஆயிரக்கணக்கான பூச்சிகள் நீரையும் வெப்பத்தையும் வெளியிட்டு, மூட்டையின் நடுவே சூடான, ஈரமான ஓரிடத்தை உண்டாக்கிவிடும். அங்கே பூஞ்சணம் குடியேறும். அஸ்பர்ஜில்லஸ் இனப் பூஞ்சணங்கள் சில அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். சமையல் சூட்டுக்கு அது அசராது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியானது. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவோடும் தொடர்புபடுத்தப்படுகிறது. 2004இல் கென்யாவில் ஈரமாகச் சேமித்த மக்காச்சோளத்தால் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள்.

ஆகவே ஈரத் தானியத்தைக் காற்றுப் புகாத பையில் போட்டால் நல்லதாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பை ஈரத்தை உறிஞ்சாது, உள்ளேயே பூட்டிவைக்கும். முதலில் காய வேண்டும். காய்ந்ததா என்று பார்க்கக் கருவி இல்லையென்றால் உப்பு போதும். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் தானியமும் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கி, கால்மணி நேரம் வையுங்கள். சுவரில் உப்பு ஒட்டிக்கொண்டால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். இன்னும் வெயில் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு கசியும் என்பதே இதன் சூட்சுமம்.

கட்டிய பிறகு, வண்டு செத்ததா என்று ஆவலில் நாள்தோறும் அவிழ்த்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் காற்று, வண்டுக்கு ஒரு வாய்த் தண்ணீர். அன்றாடச் செலவுக்கு ஒரு சின்னப் பையைத் தனியே வைத்துக்கொண்டு, மற்ற மூட்டைகளைத் தேவைப்படும்வரை தொடாமல் விட்டுவிடுங்கள்.