முடிச்சு வால் பூனையும் பழி சுமந்த கதவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் காலையில் தே தாரிக் குடிக்கும் ஒட்டுக்கடையில் ஒரு பூனை இருக்கிறது. சாம்பல் உடம்பு, வெள்ளை வயிறு. வால் அரைச் சாணுக்கு மேல் இராது. நுனி கொக்கி மாதிரி மடங்கியிருக்கும். தடவிப் பார்த்தால் புளியங்கொட்டை அளவில் கெட்டியாக ஒரு முடிச்சு கைக்குத் தட்டுப்படும்.

அந்த முடிச்சுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "கதவுல மாட்டிக்கிச்சு" என்பார் கடைக்காரர். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும் பெரியவர், "கதவு இல்லலா, லோரி ஏறியிருக்கும்" என்பார். லயத்திலேயே பிறந்து வளர்ந்த என் அத்தை வேறு கதை வைத்திருக்கிறார்: "அந்தக் காலத்துல குட்டியிலேயே வால ஒடிச்சு விட்டுருவாங்க. அப்பத்தான் வீட்டோட தங்கும்."

போன வருடம் அந்தப் பூனை கடைக்குப் பின்னால் ஒரு மைலோ அட்டைப் பெட்டிக்குள் நான்கு குட்டி போட்டது. கண்கூடத் திறக்காத குட்டிகள். அதில் மூன்றுக்கு வால் கோணல். ஒன்றுக்கு வெறும் குஞ்சம்தான். பெட்டிக்குள் கதவும் இல்லை, லோரியும் இல்லை.

இது நம் ஊர்ப் பூனைகளிடம் பல காலமாக இருக்கும் சங்கதி. மலாய்த் தீவுகள், சயாம், பர்மா என்று பரந்த நிலப்பரப்பில் பூனைகளுக்கு வால் பாதி அளவுதான், நுனியில் பெரும்பாலும் முடிச்சு என்று 1868-லேயே சார்ல்ஸ் டார்வின் எழுதிவைத்திருக்கிறார். எல்லாப் பூனைகளும் அப்படித்தான் என்று அவர் எழுதியது மட்டும் கொஞ்சம் மிகை. நெட்டை வால் பூனைகளும் இங்கே தாராளமாக உண்டு. சயாமில் இதற்கு அழகான கதை ஒன்று இருக்கிறது: குளிக்கப் போன இளவரசி தன் மோதிரங்களைப் பூனையின் வாலில் மாட்டி, கழன்று விழாமலிருக்க முடிச்சுப் போட்டாளாம். கதவைவிட இளவரசி தேவலாம்.

உண்மையான காரணம் கருவில் இருக்கிறது. முதுகெலும்பு ஒரே நேரத்தில் முழுசாக உருவாவதில்லை. தலைப்பக்கம் தொடங்கி வால் நோக்கி, துண்டு துண்டாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வரும். மூங்கில் குழாயில் புட்டுக்கு மாவு அடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு ஒரு பிடி, தேங்காய்ப்பூ ஒரு கிள்ளு, மறுபடி மாவு. கை ஒரே தாளத்தில் போனால் துண்டுகள் சமமாக வரும். தாளம் தப்பினால் ஒன்று குட்டையாகும், இரண்டு ஒட்டிக்கொள்ளும்.

கருவில் அந்தத் தாளத்தைப் போடும் மரபணுக்களில் ஒன்றின் பெயர் ஹெச்இஎஸ்7. அது வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. மரபணு ஒரு புரதத்தைத் தயாரிக்கும். அந்தப் புரதமோ திரும்பிவந்து தன்னைப் பெற்ற மரபணுவின் வாயையே அடைக்கும். தயாரிப்பு நின்றுவிடும். ஏற்கெனவே இருக்கும் புரதம் சீக்கிரமே சிதைந்துபோகும். அடைப்பு விலகியதும் மரபணு மறுபடி விழிக்கும். இப்படி விழிப்பதும் உறங்குவதுமாக ஒரு சுற்று முடிந்தால் ஒரு துண்டு பிரியும். சுண்டெலிக் கருவில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம்.

நம் பக்கத்துக் குட்டை வால் பூனைகளிடம் இந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை 2016-இல் கண்டுபிடித்தார்கள். அதனால் புரதத்தின் இரண்டாவது அமினோ அமிலம் வேலினுக்குப் பதில் அலனினாக வருகிறது. அவ்வளவுதான். கழுத்து, முதுகு எல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே அமைந்துவிடும். கடைசியில் உருவாகும் வாலில்தான் குளறுபடி தெரியும்: சில எலும்புகள் பாதியாக, சில ஆப்பு வடிவில், சில ஒன்றோடொன்று ஒட்டியபடி. சாதாரணப் பூனைக்கு வாலில் சுமார் 20 எலும்புகள் இருக்கும். நம் கடைப் பூனைக்கு அதில் பாதி தேறினால் அதிகம். ஜப்பானின் குஞ்ச வால் பூனைகளுக்கும் இதே எழுத்து மாற்றம்தான்.

ஆனால் வாலில்லாப் பூனை எல்லாம் ஒரே இனம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மேன் தீவின் மேங்ஸ் பூனைகளுக்கு வால் இல்லாமல் போவது முற்றிலும் வேறொரு மரபணுவால். அது கொஞ்சம் பொல்லாதது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் கோளாறு வந்து சேர்ந்த கரு பிழைப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் வந்தாலும் சில குட்டிகளுக்குத் தண்டுவடத்தில் சிக்கல் உண்டாகும். நம் ஊர் முடிச்சு வாலுக்கு அந்த ஆபத்து இல்லை.

"வால் இல்லாட்டி மேலேர்ந்து விழுந்தா நேரா நிக்காது" என்பது கடையில் அடுத்து வரும் வாதம். வாலைச் சுழற்றித்தான் பூனை உடம்பைத் திருப்புகிறது என்று பலர் நம்புகிறார்கள். பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். அந்தரத்தில் உதைத்துத் திரும்ப ஒரு பிடிமானமும் இல்லையே.

19-ஆம் நூற்றாண்டு அறிவியலாளர்களும் இதில் குழம்பினார்கள். விடும்போது ஆளின் கையையே பூனை உந்திக்கொள்கிறது என்றுகூடச் சொன்னார்கள். 1894-இல் பிரான்சின் எத்தியன் ஜூல் மாரே, விழும் பூனையை அடுத்தடுத்துப் படமெடுத்துக் காட்டினார். விழத் தொடங்கும்போது அதன் உடம்பில் சுழற்சியே இல்லை, பாதி வழியில்தான் திரும்புகிறது.

சூட்சுமம் இடுப்பில் இருக்கிறது. பூனை நடுவில் மடங்கி, முன் பாதியையும் பின் பாதியையும் தனித்தனிப் பொருள்போல இயக்குகிறது. முதலில் முன்னங்கால்களை மார்போடு ஒடுக்கி, பின்னங்கால்களை நீட்டிக்கொள்ளும். ஒடுங்கிய பாதி சுலபமாகச் சுழலும், நீட்டிய பாதி மெதுவாக எதிர்ப்பக்கம் கொஞ்சம்தான் நகரும். சுழல்நாற்காலியில் உட்கார்ந்து கையை மடக்கினால் வேகம் கூடுவதும் நீட்டினால் குறைவதும் இதே கணக்கு. முன்பக்கம் தரையைப் பார்த்ததும் வேலை தலைகீழாகும்: முன்னங்கால் நீளும், பின்னங்கால் ஒடுங்கும், பின்பாதி வந்து சேரும். ஒட்டுமொத்தச் சுழற்சி பூஜ்ஜியமாகவே இருக்க, பூனை மட்டும் திரும்பிவிடும். 1969-இல் கேன், ஷெர் என்ற இருவர் பூனையை இணைந்த இரண்டு உருளைகளாக வைத்துக் கணக்குப் போட்டு இதைக் காட்டினார்கள். அந்த உருளைகளுக்கு வாலே கிடையாது. குட்டை வால் பூனைகளும் சரியாகத்தான் திரும்புகின்றன.

திரும்புவது வேறு, தப்பிப்பது வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து ஜனங்கள் அடுக்குமாடி பிளாட்டுக்குக் குடிபோன பிறகு, பூனைகளும் மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி என்று ஏறிவிட்டன. "பூனைக்கு ஒன்பது உயிர்" என்று சொல்லி ஜன்னலைத் திறந்தே வைக்கிறோம். 1987-இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்றை இதற்குச் சாட்சியாக இழுப்பார்கள். உயரத்திலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளில் சுமார் 90% பிழைத்தன, ஏழு மாடிக்கு மேல் காயம் குறைந்தது என்பது செய்தி. ஆனால் தரையிலேயே செத்துப்போன பூனையை யார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? அந்தக் கணக்கில் அவை சேரவில்லை. பிழைத்தவற்றிலும் பல மார்பு அடிபட்டு, தாடை உடைந்துதான் பிழைத்தன. ஜன்னலுக்கு வலை அடிப்பது மலிவு.

பால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் தினமும் தட்டில் டின்பால் கரைத்து வைக்கிறார். தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளின் குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். வயிற்றுப்போக்குதான் மிச்சம். டின்பாலின் இனிப்புக்கு மயங்குகிறது என்று அவர் நினைக்கிறார். பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியைத் தயாரிக்கும் மரபணுக்களில் ஒன்று பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடப்பது 2005-இல் தெரியவந்தது. புலிக்கும் அப்படித்தான். அது நக்குவது கொழுப்பின் வாசனைக்காக இருக்கலாம்.

கதவில் மாட்டும் வால்களும் இருக்கத்தான் செய்கின்றன. பிறவி முடிச்சைத் தொட்டால் பூனை சட்டை செய்யாது, வாலை அடியிலிருந்து தாராளமாகத் தூக்கும். ஒடிந்த வால் வீங்கியிருக்கும், தொடவிடாது, அல்லது துணி மாதிரி துவண்டு தொங்கும். வாலை யாராவது வெடுக்கென்று இழுத்திருந்தால், அதன் அடியில் ஓடும் நரம்புகள் அறுந்து சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடே போய்விடலாம். வால் துவண்ட பூனை சிறுநீர் கழிக்காமலோ, சொட்டுச் சொட்டாக ஒழுகவிட்டபடியோ இருந்தால், எண்ணெய் தடவிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.