பிரெஞ்சுக் கடிதத்தில் 'நான்' ஆணா, பெண்ணா?

பிரான்ஸில் குடியேறிய தமிழ்ப் பெண்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் எனக்கு, அவர்கள் அரசு அலுவலகங்களுக்கு எழுதும் கடிதங்களைத் திருத்தித் தரும் வேலையும் சேர்ந்தே வருகிறது. அக்கடிதங்கள் பலவற்றை இலக்கணத்தை மட்டும் வைத்துப் படித்தால், எழுதியவர் ஓர் ஆண் என்றே தோன்றும்.

தமிழில் படர்க்கை வினைமுற்று பாலைக் காட்டும். வந்தான், வந்தாள் என்கிறோம். தன்மையில் 'வந்தேன்' என்றால் சொல்பவர் யாராகவும் இருக்கலாம். பிரெஞ்சிலோ 'இல் வியான்' (அவன் வருகிறான்), 'எல் வியான்' (அவள் வருகிறாள்) என வினை மாறுவதே இல்லை. ஆனால் இறந்தகாலத்தில் 'ஏத்ர்' ('இருத்தல்' என்னும் வினை) துணைவினையாக வரும்போது, பேசுபவரின் பால் வினையெச்சத்தின் மீது ஏறிக்கொள்கிறது. 'ஜெ சுய் அரிவே' (நான் வந்து சேர்ந்தேன்) என்று ஒரு பெண் எழுதினால், கடைசியில் 'e' என்னும் எழுத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். 'பிறந்தேன்' என்பதற்குரிய 'நே' என்ற சொல்லும் அப்படியே. உச்சரிப்பில் இவ்வேறுபாடு கேட்காது என்பதால், சரளமாகப் பேசுபவர்களும் எழுத்தில் தவறுகிறார்கள். தமிழ் வாக்கியத்தைக் கைப்பேசிச் செயலியில் இட்டு மொழிபெயர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆண்பாலே கிடைக்கும். 'வந்தேன்' என்பதிலிருந்து அது வேறெதை அறிய முடியும்?

விதியைக் கற்றபின் தவறு எதிர்த்திசைக்குப் போகிறது. 'ஜே த்ரவாயே' (நான் வேலை செய்தேன்) என்பதிலும் அந்த எழுத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். இங்கே துணைவினை 'அவ்வார்' ('உடைத்தாயிருத்தல்' என்னும் வினை). எழுவாயின் பால் அதைத் தொடாது. நேர் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்தால் மட்டுமே எச்சம் அப்பொருளோடு இயையும். 'வூ மாவே கோன்வோக்கே' (நீங்கள் என்னை அழைத்திருந்தீர்கள்) என்று எழுதும் பெண், 'என்னை' என்பது முன்னால் நிற்பதால், பெண்பால் எழுத்தைச் சேர்த்தாக வேண்டும். 'எனக்குக் கடிதம் அனுப்பினீர்கள்' என்பதில் சேர்க்கக் கூடாது. பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே 'ம' ஒலிதான். தமிழிலோ ஐகாரமும் குகரமும் வேற்றுமையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஆகவே ஐயம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன். எல்லா வினைக்கும் பொருந்தாவிட்டாலும் பெரும்பாலும் கைகொடுக்கிறது. பிரெஞ்சுக்காரர்களே தடுமாறும் விதி இது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில இடங்களில் பிழை காதிலும் விழும். 'பதிவு செய்துள்ளேன்' எனச் சொல்லும் பெண் 'ஆன்ஸ்க்ரித்' என்று தகர ஒலியோடு முடிக்க வேண்டும். 'ஆன்ஸ்க்ரி' என்றால் நேர்முகத் தேர்வில் தேர்வாளர் உடனே கவனித்துவிடுவார்.